நேர்ந்துவிட்ட சேவலின் இடது கால்

கோழிக்கூண்டைத் திறக்கிற ஒவ்வொரு காலையிலும் நான் தேடுகிற என் மதினிக்கு,

அங்கே எப்படி இருக்கீங்க என்று கேட்கத் தெரியவில்லை. இங்கே நடப்பதை மட்டும் சொல்கிறேன். நீங்க போனதிலிருந்து நல்ல சேதியாக நாலு சேரட்டும், அப்புறம் எழுதுவோம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நான் எதற்குத்தான் பயப்படாமல் இருந்தேன்?

நம்ம சேவல் நொண்டுகிறது மதினி. கருப்பனுக்கு என்று நேர்ந்துவிட்டீங்களே, அந்தச் செவலைச் சேவல்தான். இடது கால்.

வேறு யாராவது இதைப் படித்தாலும் விளங்கட்டும் என்று உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். போன மாசியில் சர்க்கரைப் புண் முற்றி என் இடது காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சமயநல்லூர் வீட்டுக்கு வந்து இறங்கினதும் நீங்க என் காலைப் பார்த்தீங்க. நேராகக் கொல்லைப்பக்கம் போய்க் கும்பிட்டீங்க. "கருப்பா, விரலோட விட்டுரு. என் கொழுந்தன் காலு அவனுக்கு வேணும். வார மாசிக்கு ஒரு குறையும் இல்லாத சேவலா உன் வாசலுக்குக் கொண்டாரேன்." நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பங்குனியில் பொரித்த குஞ்சுகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தீங்க. கொஞ்சம் கால் ஊன்றினதும் மஞ்சள் நனைத்த நூலை அதன் காலில் கட்டினீங்க. சாமிக்கு விட்டது என்று தெரிந்தால் யாரும் விலைக்குக் கேட்கமாட்டார்கள், அறுக்கவும் மாட்டார்கள். ஆவணியில் நீங்க போயிட்டீங்க. நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி இஞ்சி தட்டிக் குடித்துவிட்டுப் படுத்தீங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சேவல் மட்டும் மிஞ்சியது. அதன் காலில் என் கால் நிற்பதாக ஒரு நினைப்பு எனக்குள் விழுந்துவிட்டது. சிரிக்காதீங்க. குறையில்லாத சேவல் என்று வாக்குக் கொடுத்தது நீங்க. அது நொண்டினால் வாக்கு என்ன ஆகும்? வாக்குப் போனால் என் கால் என்ன ஆகும்?

இன்னொன்றும் இருக்கிறது. இதை ராணியிடம்கூடச் சொல்லவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தால் அதற்கு வேறு ஒரு பாட்டு கேட்க வேண்டும். மார்கழியிலிருந்து இடது குதிகால் பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது. தரை தெரியவில்லை. தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "பாத்தீங்களா?" என்று ராணி தினமும் கேட்கிறாள். "பாத்தாச்சு" என்கிறேன். நான் பார்ப்பதில்லை. வெள்ளைச் சாக்ஸ் வாங்கி வந்தவளிடம், நம்ம சீட் கவர் கடையில் அழுக்காகும், கருப்பே வாங்கு என்று சொல்லி மாற்றவைத்தேன். கருப்பில் கறை தெரியாது என்பதுதான் காரணம்.

நீங்க இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பீங்களோ?

கோழிகளை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் கூண்டுப் பக்கமே வருவதில்லை. காலையில் ஒரு நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கோழி கத்தினால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். ராணி தீனி போடுவாள், முட்டை எடுப்பாள். நோய்நொடி பார்ப்பது என் வேலை. பயந்தவன்தான் நன்றாகப் பார்ப்பான் என்று அவளே பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் பார்த்தால் சேவலின் காலில் நூலைக் காணோம். கூண்டுக்குள், குப்பைமேட்டில், முருங்கைமரத்தடியில் எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்து, ராணியிடம் பருத்தி நூல் வாங்கி மஞ்சள் நனைத்து வலது காலில் புதிதாக ஒன்று கட்டினேன். விரல் நுழைகிற மாதிரி தொளதொளவென்றுதான் கட்டினேன். "மதினி, உங்க கையால கட்டுனதா நெனச்சுக்கங்க" என்று வாய்விட்டே சொன்னேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. பிறகு வருகிறேன்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலை கூண்டைத் திறந்தேன். எல்லாம் வழக்கம்போல விழுந்தடித்துக்கொண்டு வெளியே வந்தன. சேவல் மட்டும் கடைசியாக வந்தது. இடது காலை ஊன்றி, சட்டென்று தூக்கி, மறுபடி ஊன்றியது. நான் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

தூக்கி மடியில் வைத்து முதலில் உள்ளங்காலைப் பார்த்தேன். கல்லோ முள்ளோ குத்தி, உள்ளே சீழ் கட்டி, மேலே கருப்பாகப் பொருக்குத் தட்டும் என்று நீங்க சொல்லியிருக்கீங்க. பொருக்கு இல்லை. விரல் ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினேன். சுருண்டுகொள்ளவில்லை. தொடை எலும்பைத் தடவினேன், முறிவு மாதிரி இல்லை. கணுவுக்குக் கீழே மட்டும் லேசான வீக்கம்.

உயரத்திலிருந்து குதித்துச் சுளுக்கியிருக்கும் என்று முடிவு செய்தேன். அன்றைக்கே கூண்டுக்குள் இருந்த கம்பை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டினேன். சேவலைத் தனியாக ஒரு மூங்கில் பஞ்சாரத்தில் கவிழ்த்து, கீழே வைக்கோல் பரப்பி, தீனியும் தண்ணீரும் வாய்க்கு எட்டுகிற தூரத்தில் வைத்தேன். இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன் மதினி.

அடுத்துச் செய்ததுதான் தப்பு. மஞ்சளும் வேப்பிலையும் உப்பும் சேர்த்து அரைத்து, சூடு பண்ணி, கால் தண்டு முழுக்கப் பற்றுப்போட்டேன். காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு பற்று. நாலு நாளில் கால் தெரியவில்லை, மஞ்சள் குச்சிதான் தெரிந்தது. பற்று கனமாக இருந்தால் மனசு லேசாக இருந்தது.

வீக்கம் இறங்கவில்லை. பரவையில் என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டேன். பைக் சீட்டுக்கு உறை மாற்ற வந்தவரை உட்காரவைத்து, கோழிக்கால் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர், "அண்ணே, அது வாதம்ணே. ஒரு காலு முன்னாடி, ஒரு காலு பின்னாடின்னு நீட்டிப் படுத்துரும். அப்படியே ஒவ்வொண்ணா அம்புட்டும் படுத்துரும்" என்றார். இன்னொருவர், கழிச்சல் வந்து பிழைத்த கோழிக்கு இப்படித்தான் கால் இழுக்கும் என்றார். சேவல் இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடக்கித்தான் படுத்திருந்தது. கழிச்சலும் இல்லை. அதெல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தது. பயத்துக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்து மற்ற ஏழு கோழிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கொண்டை நிறம், கண், எச்சம், இறக்கை தொங்குகிறதா, எல்லாம் பார்த்தேன். உங்க கருப்பிக்குக் கால் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்த மாதிரி இருந்தது. அது செதிலுக்கடியில் இருக்கிற பூச்சி என்று தெரியும். வெந்நீரில் ஊறவைத்துத் துலக்கி, வேப்பெண்ணெய் தடவி வருகிறேன். இப்போது வழவழப்பாகிக்கொண்டு வருகிறது. ஏழில் ஒன்றுக்கும் வாதம் இல்லை.

"எட்டுக் கோழி காலையும் பாத்தாச்சா?" என்று ராணி கேட்டாள்.

"பாத்தாச்சு."

"ஒங்க காலு?"

"அதையும்தான்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கோழியைப் பார்த்தேன்.

பத்தாம் நாள் சேவலின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மற்றக் காலில் சூடு இருந்தது, இதில் இல்லை. நடு விரலின் நுனி கருத்திருந்தது. மதினி, கருத்த விரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் காலில் பார்த்தவன் நான். சேவலைப் பஞ்சாரத்துக்குள் விட்டுவிட்டு மாட்டுத்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ராணி டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். என்ன சொல்வது? டாக்டர் என்றால் எடுத்துவிடலாம் என்பார், இல்லை அறுத்துவிடுங்க என்பார். பார்க்காதவரை இரண்டும் நடக்கவில்லை அல்லவா?

அண்ணனிடம் போய் நின்றேன். அவர் தெருவைப் பார்த்தபடியே, "வேற சேவ வாங்கிவிட்டாப் போச்சுடா. அவளுக்கென்ன தெரியவா போகுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்குத் தெரியாது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவருக்கும் சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை ராணி என்னிடம் கேட்கவில்லை. ஒயர்க்கூடையில் சாக்கை விரித்து, சேவலை உள்ளே உட்காரவைத்து, வண்டியை வெளியே தள்ளிவிட்டு ஆரனை அடித்தாள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அதன் நெஞ்சு படபடவென்று என் கையில் அடித்தது. என்னுடையதும்தான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு சின்னவயசு டாக்டரம்மா. எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டியும் இரண்டு ஆடும் நின்றன. எங்கள் முறை வந்ததும் அவர் காலைத் தொடவே இல்லை. சேவலைத் தரையில் விடச் சொன்னார்.

"மொதல்ல நடக்கட்டும். நடக்குறதைப் பாத்தாத்தான் பாதி தெரியும்."

அது நாலடி நொண்டிப் போய்ச் சுவரோரம் நின்றது. எத்தனை நாளாக இப்படி, எதையாவது தாண்டிக் குதித்ததா, என்ன தீனி, தடுப்பூசி போட்டதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். உங்க கோழிக்கு நான் ஒன்றும் குறைவைக்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் போல இருந்தது. அப்புறம் பற்றைப் பார்த்து, "இது என்னங்க, சிமெண்டு பூசுன மாதிரி?" என்றார்.

"வைத்தியம்" என்றேன்.

"வைத்தியம் இருக்கட்டும். எனக்குக் காலு தெரியணும்ல."

வெதுவெதுப்பான தண்ணீரில் காலை நனையப்போட்டுப் பற்றைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்தார். தண்ணீர் மஞ்சளானது. வேறு தண்ணீர் மாற்றினார். கணுவுக்குக் கீழே, வீக்கம் தொடங்குகிற இடத்தில், காலைச் சுற்றி ஒரு கோடு தெரிந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். இடுக்கியின் முனையால் அந்தக் கோட்டை லேசாக விலக்கினார்.

"உள்ள ஏதோ இருக்கு" என்றார்.

நூல். மதினி, உங்க நூல்.

அது கழன்று விழவே இல்லை. கால் பருத்தது, நூல் பருக்கவில்லை. மெல்ல மெல்லச் சதைக்குள் இறங்கி, அதன் மேல் தோல் மூடிவிட்டது. நான் ஊரெல்லாம் தேடின நூல் அங்கேயேதான் இருந்திருக்கிறது. அது தெரியாமல் நான் மற்றக் காலில் இன்னொன்றைக் கட்டி, இதன் மேல் பற்றும் பூசி மூடியிருக்கிறேன்.

அது என்ன நூல் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துபோனது. நான் கொடுத்ததுதான். பருத்தி நூல் அறுந்துவிடும் கொழுந்தனாரே, கெட்டியாக ஒன்று கொடுங்க என்று கடைக்கே வந்து கேட்டீங்க. சீட் கவர் தைக்கிற நைலானில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன். "இது ஜென்மத்துக்கும் அறாது மதினி" என்று பெருமை வேறு. ஐப்பசியில் அந்த நூலைக் காணவில்லை என்றபோது, அறாது என்று சொன்ன வாய்க்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? உங்க முடிச்சு அவிழாது என்றும் எனக்குத் தெரியும். பயந்தவனுக்குக் காணோம் என்பதுதான் முதலில் தோன்றுகிறது. உள்ளே இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுவதில்லை.

"இதை யாரு கட்டுனது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரியல டாக்டர்" என்றேன்.

ராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை மதினி. என்னைக் காட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பொய் வந்தது.

அவர் கத்தரியை எடுத்தார். நான் கையைக் குறுக்கே நீட்டிவிட்டேன். "டாக்டர், அது நேர்த்திக்கடன் நூலு. அதை அறுக்கலாமா?"

அவர் கோபப்படவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "நான் அறுக்கலேன்னா அது காலை அறுத்துரும். யாரைக் கேக்கணுமோ கேட்டுட்டு வாங்க. ஆனா இன்னைக்கே கேளுங்க" என்றார்.

வேப்பமரத்தடியில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். நூல் உள்ளே இறங்கிவிட்டது என்று சொன்னேன். அண்ணன் சொன்னார்.

"மாசத்துக்கு ஒருக்கா அவ அவுத்துக் கட்டுவாடா. அமாவாசைக்கு அமாவாசை. மடியில போட்டு, பழசை வெட்டிட்டு, கொஞ்சம் தளத்திப் புதுசாக் கட்டுவா. நான் இங்கன உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன். எனக்குத் தெரியும்டா. எனக்கு மறந்துபோச்சுடா."

அப்புறம் அழுதார். நீங்க போன அன்றைக்கு அவர் அழவில்லை. பதினாறாம் நாளும் அழவில்லை. ஆறு மாசம் கழித்து, ஒரு கோழிக்காலுக்காக என்று யாரும் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. "அறுக்கச் சொல்லுடா. அவ இருந்தா அறுத்திருப்பா" என்றார்.

நீங்க அன்றைக்கு வாங்கின ஒரு முழத்தில் மாசாமாசம் இத்தனூண்டு வெட்டிக் கட்டியிருக்கீங்க. உங்க மேல் தப்பு இல்லை. அடுத்த அமாவாசைக்கு நீங்க இல்லை, அவ்வளவுதான். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கு அது தோன்றியிருக்கலாம்.

நான் சேவலைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா ஊறின இடத்தில் இடுக்கியால் நூலை ஒரு மயிரளவு தூக்கி, அடியில் சின்னக் கத்தரியின் ஒரு முனையை மட்டும் நுழைத்தார். வெட்டுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. "இப்படி ஆழமா இருக்குறதை வீட்டுல யாரும் இழுத்துப் புடுங்கிரக் கூடாது. சதையும் நரம்பும் சேந்து வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே துண்டு துண்டாக உருவி எடுத்தார். சேவல் கத்தவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வலிக்காத கால் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

புண்ணைக் கழுவி, பழுப்பு நிற மருந்து போட்டு, துணிச் சுருளை இறுக்காமல் சுற்றினார். மறுபடி ஒரு நூலைக் கட்டின கதையாகிவிடக் கூடாது என்று தளர்த்தி ஒருமுறை காட்டினார். காலையும் மாலையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஈரம் ஆகக் கூடாது, ஈ உட்காரக் கூடாது, வைக்கோலைத் தினமும் மாற்ற வேண்டும், வாய்வழியாகக் கொடுக்க அவர் தந்த மருந்தை ஒருநாளும் விடக் கூடாது. கருத்த விரல் பிழைக்காது, தானாக விழுந்துவிடும் என்றார். மிச்சக் கால் பிழைக்குமா என்றேன். "சூடு வருதான்னு பாருங்க. வந்துச்சுன்னா பொழச்சுக்கும்."

கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலுக்குப் போகுமுன் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சார், ஒங்களுக்கு இடது கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டர். செருப்புச் சரியில்ல."

"நடக்குறதைப் பாத்தேன். அதான் கேட்டேன்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த ஆள் ஆட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். ராணி வண்டியை எடுத்தாள். வீடு வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்குத் தெரியும், அவள் பேசாமல் வந்தால் அது நல்லதுக்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி என் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்தாள். பார்க்கச் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மறுநாள் அது நேராக இருந்தது. மறுபடி திருப்பினேன். இப்படியே ஒரு வாரம்.

அந்த ஒரு வாரமும் சேவல் காலை இரண்டு வேளையும் பிரித்துப் பார்த்தேன். துணியைச் சுற்று சுற்றாக எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன், அப்புறம் பாதி திறப்பேன். நாலாம் நாள் பாதத்தில் ஒரு வெதுவெதுப்பு. என் கையின் சூடுதானோ என்று சந்தேகப்பட்டு, கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். சூடுதான் மதினி. நான் கூப்பிட்ட சத்தத்தில் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து கூண்டுப் பக்கம் வந்துவிட்டார். ஆறு மாசத்தில் முதல் தடவை. அவரும் ஒரு விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தார். "ஆமாடா" என்றார்.

நேற்று அந்தக் கருத்த விரல் விழுந்துவிட்டது. காலையில் வைக்கோலை மாற்றும்போது கிடந்தது. அவ்வளவு சின்னது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னுடையதை அவர்கள் என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சேவல் மூன்று விரலை ஊன்றி நடந்து வந்து என் கையைக் கொத்தியது. தீனி என்று நினைத்துக்கொண்டது போல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நூல் ஒரு மாசம் முன்னாடியே தெரிந்திருந்தால் இந்த விரல் இருந்திருக்கும். நொண்டின அன்றைக்கே பற்றுப் போடாமல் கழுவிப் பார்த்திருந்தாலும் இருந்திருக்கும். நான் பார்க்காததால்தான் போயிற்று. வேறு ஒரு காரணமும் இல்லை.

ராணியைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"நான் பாக்குறதே இல்ல" என்றேன்.

"எதை?"

"காலை. மார்கழியில இருந்து பாக்கல. பொய் சொன்னேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, சாக்ஸை உருவி, நான் சேவலைத் திருப்புகிற மாதிரியே காலைத் திருப்பித் தன் மடியில் வைத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவள் விரல் என் குதிகாலில் ஊர்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"என்னங்க இது, மினுங்குது?"

பிறகு கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தாள். "பாருங்க" என்றாள். அவள் குரல் அதற்குமுன் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. பார்த்தேன்.

குதிகாலில் ஒரு புண். சுற்றிலும் வெளுத்துத் தடித்த தோல். நடுவில் நெல்லளவுக்கு இரும்பு. மிஷின் ஊசியின் உடைந்த முனை மதினி. சீட் கவர் தைக்கிற தடித்த ஊசி மாசத்துக்கு நாலு உடையும், குனிந்து தேடிப் பொறுக்குவதில்லை. எந்த நாளில் ஏறியதென்று தெரியாது. எத்தனை நாள் அதன் மேலேயே நடந்தேன் என்றும் தெரியாது. எனக்கு வலிக்கவே இல்லை.

நான் பிடுங்கிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். ராணி கையைத் தட்டிவிட்டாள். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க? சேவலுக்கு ஒரு நாயம், ஒங்களுக்கு ஒரு நாயமா?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். "அந்தச் சேவலுக்கு ரெண்டு வேளை பாத்தீங்களே. ஒருவேளை எனக்காகப் பாக்கக் கூடாதா?" நான் காலை அவள் மடியிலேயே விட்டுவிட்டேன்.

நேற்றே பக்கத்து டாக்டரிடம் காட்டி, கட்டுப்போட்டு, மருந்து வாங்கியாயிற்று. இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். படம் எடுத்து, எவ்வளவு ஆழம், எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். வெளியே ஆட்டோ நிற்கிறது. அண்ணனும் வருகிறேன் என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ராணி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று நான்தான் பிடிவாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சேவலைப் பற்றி ஒரு முடிவு சொல்ல வேண்டும். மூன்று விரல் சேவலைக் குறையில்லாத சேவல் என்று கருப்பன் முன்னால் நிறுத்த முடியாது. வேறு சேவலை நேர்ந்துவிட எனக்கும் அண்ணனுக்கும் மனசில்லை. மாசிக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் கோயிலுக்குப் போகும்போது அதையும் கூடையில் வைத்துக் கூட்டிக்கொண்டு போவோம், நடந்ததைச் சொல்லுவோம், திரும்பக் கூட்டிக்கொண்டு வருவோம் என்கிறார் அண்ணன். சாமி கோபித்துக்கொள்ளுமா? எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்க பக்கத்தில் எங்காவது இருந்தால் இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க.

அந்த டாக்டரம்மாவிடம் அடுத்த வாரம் சேவலைக் காட்டப் போகும்போது நூலைக் கட்டியது யார், கொடுத்தது யார் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வலது காலில் நான் கட்டின நூலை அவரிடம் காட்டிவிட்டு வந்த அன்றைக்கே அறுத்துவிட்டேன். இனி நம்ம வீட்டுக் கோழி எதன் காலிலும் எதுவும் கட்டுவதில்லை. அடையாளத்துக்கு இறக்கையில் சாயம் தடவிக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் பயப்படமாட்டேன் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீங்க. பயம் என்னோடு பிறந்தது, என்னோடுதான் போகும். ஆனால் தினமும் காலையில் கூண்டைத் திறக்குமுன் கண்ணாடியைத் தரையில் வைத்துக் காலைத் திருப்பிப் பார்ப்பேன். இந்தக் கால் நாளைக்கு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதைப் பார்ப்பேன். பயந்துகொண்டே பார்ப்பேன், மதினி.

ராணி மூன்றாம் தடவை கூப்பிடுகிறாள். நேற்று புதிதாக வாங்கிவந்த வெள்ளைச் சாக்ஸை எடுத்து வைத்திருக்கிறாள். போயிட்டு வாரேன்.

நீங்க கும்பிட்டுக் கேட்ட காலோடு,
உங்க பயந்தாங்கொள்ளிக் கொழுந்தன்
மனோகரன்